கட்டைவிரல் நாடி

தையல்காரர் ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இறந்துபோனார். அன்று சாயங்காலமே இரண்டு சட்டைகளுக்குக் காலர் வைத்து முடித்தார். மூன்றாவது சட்டைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் முனைக்கடைவரை நடந்துபோய் வாங்கி வந்தார். இவற்றில் எது முதலில் நடந்தது என்பதில் தெருவில் யாருக்கும் குழப்பமில்லை, இறந்ததுதான் முதலில். கால்சட்டைத் துணியொன்றில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர், கோட்டைத் துணியைத் தாண்டி மேசைமேலும், மேசையைத் தாண்டிக் காற்றிலும் இழுத்துவிட்டு அப்படியே சரிந்தார். தெரு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் அவசரக்காரர் இல்லை, ஒரு கட்டியைக் கட்டி என்று சொல்வதற்கே மூன்று தடவை வரச் சொல்கிற மனிதர். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கண்ணில் டார்ச் அடித்தார், மணிக்கட்டைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு கையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "போயிட்டார்மா" என்றார். தையல்காரரின் மனைவி அலறத் தொடங்கினாள். அளவு டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மூத்த மகள் பெரியவள் சுவரோடு சுவராக நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிற நாற்காலிகளையெல்லாம் தூக்கி வந்து வாசலில் போட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் இளைய மகள் சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் எந்த விரலை எங்கே வைத்தார் என்பது ஞாபகமில்லை. குழந்தைகள் எதையும் பிடிக்கிற மாதிரி, கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "துடிக்குது" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. எவனோ ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். அவனை உதறிவிட்டு, அந்தத் தெருவே கேட்கும்படி, "துடிக்குதுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். தையல்காரர் கண்ணைத் திறந்தார். கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் முகத்தைப் பார்த்து, "தண்ணி" என்றார். தெருவுக்கு மூச்சே நின்றுபோயிற்று. தண்ணீர் கொண்டுவரப் போனவள் செம்பை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அடுக்களையில் அங்குமிங்கும் சுற்றினாள். நாற்காலிகளை எல்லோரும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் இரண்டு பேருக்கு நஷ்டம். முதலாவது, தையல்காரரின் மனைவி. அவளுடைய அலறல் பாதியில் நின்றுபோனது. வெளியே வந்த பாதி வந்துவிட்டது, மீதிப் பாதி தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது. அதன்பிறகு அவள் எதை விழுங்கினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்துத்தான் விழுங்கினாள். கதவை யாராவது படாரென்று சாத்தினால் அந்த மீதியிலிருந்து ஒரு துணுக்கு 'ஹூ' என்று வெளியே வரும், உடனே வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டாவது, தெரு டாக்டர். உயிரோடிருக்கிற மனிதனைச் செத்துவிட்டான் என்று சொன்னவரிடம் யார் போவார்கள்? தலைவலி என்று போனால் தலைக்குமேல் துணியைப் போர்த்திவிடுவார் என்று தெருப் பையன்கள் கேலி பேசினார்கள். மனிதர் கொஞ்ச நாள் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு போர்டைக் கழற்றிக்கொண்டு நாலு தெரு தள்ளி வீடு மாற்றிப் போய்விட்டார். தையல்காரர் வீட்டுப் பக்கம் வரவேண்டியிருந்தால் சுற்றுவழியாகப் போனார்.

மறுநாள் காலையில் தையல்காரர் படுக்கையை விட்டு எழவில்லை. கையை மட்டும் பாய்க்கு வெளியே நீட்டியபடி படுத்திருந்தார். சின்னவள் பல்கூட விளக்காமல் ஓடிவந்து கட்டைவிரலை வைத்தாள், "துடிக்குதுப்பா" என்றாள். "அப்போ சரி" என்று எழுந்து போய் முகம் கழுவினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சிலர் வீட்டில் காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள், இந்த வீட்டில் அப்பாவுக்கு. ஒருநாள் பெரியவள் தானும் பார்ப்பதாகச் சொல்லி விரல் நுனியை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்தாள், ஒன்றும் தெரியாமல் வீடே இடிந்துபோகிற மாதிரி கத்தினாள். சின்னவள் வந்து கட்டைவிரலை வைத்து, இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவோ தொடவே மாட்டேன் என்றாள். "நான் தொட்டு, இல்லைன்னு ஆயிட்டா?" என்பாள். ஆகவே அந்த வேலை சின்னவள் தலையில்தான் விழுந்தது, அவளால்தான் முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள்.

மற்றபடி தையல்காரர் நன்றாகவே இருந்தார். தையல் மிஷின் ஊசி ஒருமுறை அவர் சுட்டுவிரலைத் துளைத்துக்கொண்டு போனபோது ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை, துணியில் கறை படாமல் தப்பியதே என்று சந்தோஷப்பட்டார். கொசுக்கள் அவர்மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசித்து, ஏமாந்து எழுந்துபோயின. கொசுவே கடிக்காத மனிதர் என்று தெருவில் அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. சின்னவள்தான் வீட்டோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனால் அவள் மட்டும் பஸ்ஸுக்குக் கையாட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு எல்லோரும் போவார்கள், அவளும் அப்பாவும் மிச்சம். பெரியவள் கல்யாணமாகி ரொம்ப தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். அவள் போனில் பேசும்போது பின்னால் அந்த ஊர் பஸ்களின் ஹாரன் கேட்கும். அந்த ஹாரன் இங்கத்துப் பஸ் ஹாரன் மாதிரி இருக்காது, பாட்டு மாதிரி இழுக்கும். அக்கா என்ன சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டு, சின்னவள் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். "கேக்குறியா இல்லையாடி?" என்று அக்கா அதட்டுவாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பாள் இவள். அது பொய்யும் இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் நர்ஸிங் படிக்கப்போவதாகச் சொன்னபோது தெருவே உருகிப்போனது. அப்பாமேல் எவ்வளவு பாசம் பார், என்றார்கள். பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று சொல்லித் தங்கள் பிள்ளைகளை முறைத்தார்கள். நேர்காணலில் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று கேட்டார்கள். அவளுக்கு முன்னால் போன பெண்கள் எல்லோரும் சேவை செய்ய வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் அந்த வெள்ளை உடுப்பு தனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லி, அதற்காக ஒரு கேள்வி அதிகமாக வாங்கிக்கொண்டாள். சின்னவளும் சேவை என்றே சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. நாடி பார்ப்பதை முறையாகக் கற்றுக்கொள்வது, அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது, அம்மா கையில் அப்பாவை ஒப்படைத்துவிட்டு, ஹாரன் பாட்டு மாதிரி இழுக்கிற ஊர் ஒன்றுக்குப் பஸ் ஏறிவிடுவது. அவள் நர்ஸாக வந்தது அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக இல்லை, அப்பாவிடமிருந்து கிளம்புவதற்காக. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது, ஆனாலும் நினைத்தாள்.

பயிற்சிப் பள்ளி ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருந்தது. அங்கே விடுதியில்தான் தங்கவேண்டும், வீட்டிலிருந்து வந்துபோக அனுமதியில்லை. ஆகவே தையல்காரர் தினமும் காலையில் நடந்துவந்து, விடுதியின் இரும்புக் கேட்டுக் கம்பிகளுக்கிடையே கையை உள்ளே நீட்டுவார். சின்னவள் சீருடையோடு ஓடிவந்து கட்டைவிரலை வைப்பாள். "துடிக்குதாம்மா?" "துடிக்குதுப்பா." "அப்போ சரி." இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பா ஏதோ தின்பண்டம் கொண்டுவந்து கொடுக்கிறார், இவள் யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றுவிடுகிறாள் என்று கூடப் படித்த பெண்கள் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனுக்கு மட்டும் விஷயம் தெரியும். மழை பெய்தால் கேட்டுக்கு வெளியே நீட்டுவதற்கு ஒரு குடை வைத்திருந்தான்.

அங்கே பாடம் நடத்திய சிஸ்டரைப் பெண்கள் இஸ்திரி என்று அழைத்தார்கள். காலையில் போட்ட சீருடையில் சாயங்காலம்வரை ஒரு சுருக்கம் விழாது, முகத்திலும் அப்படித்தான். நாடி பார்க்கும் பாடத்தன்று அவள் ஒரு பெண்ணின் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று விரல்களை அதன்மேல் வரிசையாக வைத்துக் காட்டினாள். பிறகு கட்டைவிரலை மடக்கி எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்தினாள். "இதை மட்டும் வைக்கவே கூடாது. கட்டைவிரலுக்குன்னு தனியா ஒரு பல்ஸ் இருக்கு. இதை வச்சுப் பார்த்தா நீங்க எண்ணுறது பேஷண்ட்டோட பல்ஸ் இல்ல, உங்களோடது. பொணத்து மேல வச்சாலும் துடிக்கும்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சின்னவள் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவள் தன் கட்டைவிரலைத்தான் முதலில் பார்த்தாள். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயதிலிருந்து தினமும் காலையில் தான் எண்ணியது தன்னைத்தான் என்பதும், அந்தப் புதன்கிழமை தெரு டாக்டர் சொன்னது ஒருவேளை சரியாகவே இருக்கலாம் என்பதும், அம்மாவிடம் ஒப்படைப்பதற்கு அப்பாவின் மணிக்கட்டில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம் என்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள்மேல் இடிந்து விழுந்தன. அன்று முழுக்க யார் எதைக் கேட்டாலும் 'ம்' என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் கம்பிகளுக்கிடையே வழக்கம்போல் கை வந்தது. கையின் மேல்புறம் நரம்பு, விரலில் சாக்பீஸ் தூள், கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு. மூன்று விரல்களை வைக்க நினைத்தாள், முடியவில்லை. முறையாகப் பார்த்து இல்லையென்று தெரிந்துவிட்டால் கேட்டுக்கு அந்தப்பக்கம் மனிதர் அப்படியே சரிந்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. இத்தனை வருஷம் அவரை நிற்கவைத்திருப்பது தன் வாயிலிருந்து வருகிற ஒரு சொல், அதுவும் தவறான சொல். கட்டைவிரலையே வைத்தாள். "துடிக்குதுப்பா" என்றாள். "ஏம்மா, உடம்பு சரியில்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றார் அவர். ஒன்றுமில்லை என்றாள். தெரியாமல் சொன்னவரையில் அது கஷ்டமாக இல்லை. தெரிந்து சொல்ல ஆரம்பித்த பிறகு, கேட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தவள் நடந்து வர ஆரம்பித்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் வேறொரு வழக்கமும் இருந்தது. வார்டில் படுக்கை அதிகம், ஆள் குறைவு. ஆகவே காலையில் நாடி எண்ணுகிறவர்கள் பாதிப்பேருக்குக் கையைத் தொடாமலே எழுபத்திரண்டு என்று எழுதிவிடுவார்கள். கிழவனுக்கும் எழுபத்திரண்டு, குமரனுக்கும் எழுபத்திரண்டு, ஓடிப்போய் ஒன்றுக்கிருந்துவிட்டு மூச்சிரைக்க வந்து படுத்தவனுக்கும் எழுபத்திரண்டு. மூலைப்படுக்கையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலையில் மூத்த மாணவி ஒருத்தி அவர் படுக்கையைக் கடந்துபோகும்போது எழுபத்திரண்டு எழுதிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் அவர் மனைவி பிளாஸ்கில் காபியோடு வந்தாள், கையைத் தொட்டாள், கை ஜில்லிட்டு விறைத்திருந்தது. சின்னவள் அடுத்த படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அழவில்லை. படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சின்னவளிடம் திரும்பி, "அப்போ இது யாரோட எழுபத்திரண்டு?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.  சின்னவள் விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அந்தக் கேள்வி அவளோடு விடுதிக்கு வந்தது, கேட்டருகில் வந்து நின்றது, அப்பாவின் கையைப் பிடிக்கும்போதெல்லாம் காதோரம் கேட்டது.

முதல் வருஷப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் நல்ல மழை. கேட்டுப் படியில் தையல்காரரின் கால் வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்தது. வாட்ச்மேன் குடையைத் தூர எறிந்துவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். சின்னவள் சேதி கேட்டு ரத்தம் சுண்டிப்போய் ஓடிவந்தபோது, அவர் காலில் மாவுக்கட்டோடு ஆண்கள் வார்டில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரரின் சட்டைத் தையலில் உள்ள குறைகளை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நாடி பார்த்துவிட்டார்களா என்று அட்டையை எடுத்துப் பார்த்தாள். எழுபத்திரண்டு. ஆயுளில் முதல் தடவையாக அந்தச் சோம்பேறித்தனத்துக்கு மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

செய்முறைப் பரீட்சை அதே வார்டில் நடந்தது. யாருக்கு எந்த நோயாளி என்பதற்குச் சீட்டெடுத்தார்கள். சின்னவளுக்கு அவள் அப்பாவின் படுக்கை எண் வந்தது. வேறு சீட்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தாள், இஸ்திரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மாள் தலை நரைத்தவள், கண்டிப்பானவள். அவளுக்கு ஒரு ரகசியக் கவலை உண்டு. கொஞ்ச காலமாக விரல் நுனிகள் மரத்துப்போகிற மாதிரி இருந்தன, இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாடிப் பரீட்சையில் ஒரு முறை உண்டு. மாணவி ஒரு கையைப் பிடித்து எண்ணும்போது பரீட்சை நடத்துபவர் மறுகையைப் பிடித்து எண்ணுவார், இரண்டு எண்ணும் ஒத்துப்போகவேண்டும். அன்று காலை அதுவரை வந்த பெண்கள் எல்லோரும் எழுபத்திரண்டு என்றே சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாளின் எண்ணிக்கையோ ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. பிழை அவர்களுடையதா தன் விரல்களுடையதா என்று தெரியாமல் அவள் நொந்துபோயிருந்தாள்.

படுக்கையின் ஒரு பக்கம் சின்னவள், மறுபக்கம் பரீட்சைக்கார அம்மாள், கால்மாட்டில் இஸ்திரி. தையல்காரர் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினார், அளவெடுக்க நிற்கிற வாடிக்கைக்காரர் மாதிரி. கட்டைவிரலை வைத்தால் அந்த நிமிஷமே தேர்வு போய்விடும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காலாகாலத்துக்கும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அட்டையில் உள்ளதைச் சொன்னால் தேறிவிடலாம், அப்பாவும் இருப்பார், யாருக்கும் எதுவும் தெரியாது. சின்னவள் அதைத்தான் சொல்வதென்று முடிவுசெய்துகொண்டு, ஒப்புக்கு மூன்று விரல்களை முறையாக வைத்தாள். அவற்றின் கீழே ஒன்றுமில்லை. விரல்களைக் கொஞ்சம் நகர்த்தினாள், அழுத்தினாள், தளர்த்தினாள். தையல் மேசையின் மரவிளிம்பைப் பிடித்த மாதிரி இருந்தது.  எதிர்ப்பக்கம் பரீட்சைக்கார அம்மாளின் முகம் வெளுத்துக்கொண்டே போவதை அவள் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் தன் விரல்கள் செத்தே போய்விட்டன என்று நினைத்து உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு?" என்று கேட்டாள்.

எழுபத்திரண்டு என்று சொல்லத்தான் சின்னவள் வாயைத் திறந்தாள். யாரோட எழுபத்திரண்டு என்று காதோரம் கேட்டது. "இல்ல மேடம்" என்றாள். துணிச்சல் எல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் பின்னாளில் அவள் சொல்வாள். மூன்று விரலுக்கும் கீழே எதுவும் இல்லாதபோது வாய்க்கு வேறு சொல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவின் கை கனக்கப்போகிற கணத்துக்காகக் காத்திருந்தாள். கை கனக்கவில்லை. "எனக்கும் இல்ல!" என்று பரீட்சைக்கார அம்மாள் கிட்டத்தட்டச் சந்தோஷத்தில் கூவினாள், பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இஸ்திரி முன்னால் வந்து கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாள், ரத்த அழுத்தக் கருவியைக் கட்டி ஊதி இறக்கினாள். பாதரசம் எங்கேயும் நின்று துள்ளாமல் கிணற்றில் விட்ட வாளி மாதிரி அடிவரை போனது. இஸ்திரியின் சீருடையில் தோளிலிருந்து விளிம்புவரை முதன்முதலாக ஒரு சுருக்கம் விழுந்தது, அதை அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மூன்று பெண்களும் பேச்சுமூச்சற்று நிற்பதைப் பார்த்துத் தையல்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. "டீ எப்போம்மா வரும்?" என்று கேட்டார்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"எப்போலேருந்து?"

"அன்னைக்கே தெரியும். அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்குத் தெரியாதா? டாக்டர் சொன்னது சரிதான். நான் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். நீ வந்து துடிக்குதுன்னு கத்துன. பையைக்கூடக் கழட்டல. ஒன்பது வயசுப் புள்ள அவ்வளவு நிச்சயமா சொல்லுது. எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. இல்லடி, நீ சொல்றது தப்புன்னு உன்னை அத்தனை பேர் முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டு நான் பாட்டுக்குப் படுத்துக்க முடியுமா?"

"அப்புறம் ஏம்ப்பா தினமும் கையை நீட்டுனீங்க? மழையில, கேட்டுக்குள்ள..."

"மறுநாள் காலையில நீ முழிச்சுப் பார்த்துப் பயப்படுவியேன்னு நீட்டுனேன். நீட்டுனதும் உன் முகம் தெளிஞ்சுது. அப்படியே பழகிப்போச்சு."

சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போகாத சுற்றுலாக்கள், போகாத அத்தை வீடு, பல் விளக்காத காலைகள் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷம் தான் அவரைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள், அவரோ இவளுக்காகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பரீட்சை நடக்கிறது என்பதையும் மறந்து, "உங்களை விட்டுப் போறதுக்குத்தான்ப்பா நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். சேவைக்காக இல்ல, பாசத்துக்காகவும் இல்ல. ஓடிப்போறதுக்கு" என்றாள். ஆயுளில் அவள் சொன்னதிலேயே கஷ்டமான வாக்கியம் அது. 

"போயேன். அதுக்கென்ன? நான் என்ன செத்தா போயிடப்போறேன்?" என்றார்.

சேதி வீட்டுக்குப் போனது. தையல்காரரின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்று, புருஷனுக்கு நாடியில்லை, அன்றைக்கே போயிற்று என்பதைக் கேட்டாள். தொண்டையில் குறுக்கே நின்ற மீதி அலறல் அப்போதுதான் கழன்றது. வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்த் திரும்பி வந்த அந்த அலறலைக் கேட்டு எலும்பு முறிந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். முழுசாக அழுது தீர்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரைத் தலையைச் சாய்க்காமல் மடமடவென்று குடித்தாள். பிறகு உள்ளே போய், படியைப் பார்த்து இறங்கத் தெரியாதா என்று புருஷனைத் திட்டினாள். பரீட்சைக்கார அம்மாள் மதிப்பெண் தாளில், நாடி இல்லை, நோயாளி நலம், எண்ணும் முறை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று எண்ணிப் பார்த்த ஒரே மாணவி இவள்தான் என்று இஸ்திரியிடம் சொன்னாள். மற்ற எல்லோரும் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று, அந்தக் கோபம் அவர்களுக்குக் கடைசிவரை தீரவில்லை. மாவுக்கட்டைப் பிரித்த அன்று தையல்காரர் முதல் வேலையாக நாலு தெரு தள்ளியிருந்த டாக்டர் வீட்டுக்கு நடந்தார். "நீங்க சொன்னது சரிதான் டாக்டர்" என்றார். கதவைத் திறந்த டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், ரொம்ப நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமே பழைய இடத்தில் பழைய போர்டு தொங்கியது. கூட்டம் தாங்கவில்லை.

சின்னவள் படிப்பை முடித்து ஹாரன் பாட்டு மாதிரி இழுக்கிற ஊர் ஒன்றில் வேலைக்குப் போனாள். அவளுடைய வார்டில் எழுபத்திரண்டு என்று எழுதினால், எழுதியவள் அந்த நோயாளியின் முன்னாலேயே திரும்ப எண்ணிக் காட்டவேண்டும். புதிதாக வருகிற பெண்கள் நீங்கள் ஏன் சிஸ்டர் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "எங்கப்பாவை விட்டு ஓடுறதுக்கு" என்பாள். அவர்கள் அதிர்ச்சியில் வாயைப் பிளப்பார்கள், பிறகு தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோனாள். அப்பா கையை நீட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து யார் யாரோ வந்து அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் போனார்கள், போகும்போது சிலர் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருவுக்கு அது பழகிவிட்டது. அவருக்கு நாடியில்லை, எதிர்வீட்டுக்காரருக்கு முடியில்லை, அவ்வளவுதான்.

அப்படி ஒரு வருஷம் வந்துவிட்டுக் கிளம்புகிற காலையில், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் குனிந்து ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது, பிடரி மெலிந்துவிட்டது. "கையைக் காட்டுங்கப்பா" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டு நீட்டினார். பழக்கத்தில் மூன்று விரல்கள் முறையாகப் போய் உட்கார்ந்தன, எப்போதும்போல் கீழே ஒன்றுமில்லை. அவள் விரல்களை எடுத்துவிட்டு, தோளிலிருந்து பையைக் கழற்றாமல், கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

"துடிக்குதாம்மா?"

"துடிக்குதுப்பா."

"அப்போ சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து காலரைத் தைக்க ஆரம்பித்தார்.